காதுக்கு மேல் ஒரு தழும்பு

மட்டாஞ்சேரியில் பாலஸ் ரோட்டை ஒட்டிய சந்தொன்றில் எனக்கு முடி திருத்தும் பெரியவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தலையின் மேடு பள்ளங்களை நன்கு அறிந்தவராயினும், வலது காதுக்கு இரண்டு விரற்கடை மேலே வரும்போது மட்டும் கத்தரியின் ஓட்டத்தை நிறுத்தி, பக்கத்து மயிரைச் சீப்பால் அதன்மேல் இழுத்துவிட்டு, பிறகே மேற்செல்வார். பழைய எட்டணா நாணயத்தின் அளவில், மயிர்க்கால் ஒன்றுகூட இல்லாமல் பளபளக்கும் ஒரு தழும்பு அங்கே இருக்கிறது. 1971ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயது நிரம்பியிருந்தபோது, அவ்விடத்தில் ஒரு கட்டி கிளம்பியது. தொட்டால் மெத்தென்று அமுங்கும். மேலே பல சிறு கண்கள் திறந்து சீழ் கசியும். சுற்றியிருந்த மயிர் கையோடு வந்துவிடும். பழுத்த கட்டியைக் கீறிவிட வேண்டும் என்பது அக்காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்திய சாஸ்திரமாகையால், என்னைக் கொண்டுபோய்க் காட்டிய இடத்திலும் கீறினார்கள். எதிர்பார்த்த சீழ் வரவில்லை, இரத்தந்தான் வந்தது. வாரக்கணக்கில் கட்டு மாற்றியபின் புண் ஆறிற்று. மயிர் மட்டும் திரும்பி வரவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்துச் சரும வைத்தியரான என் சிநேகிதி ஒருவர், ஏதோ பேச்சினிடையே அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, “இது கீறவே கூடாத கட்டி அல்லவா?” என்றார். அதற்கு மருத்துவ நூல்களில் ‘கேரியன்’ என்று பெயர். கிரேக்க மொழியில் தேன்கூடு என்று பொருள். பல கண்களினின்றும் சீழ் கசியும் அந்தத் தோற்றத்தை நேரிற் பார்த்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். அது பாக்டீரியாக் கிருமிகளால் உண்டாகும் சாதாரணக் கட்டியன்று. மயிருக்குள் குடியேறிய ஒரு பூஞ்சையை எதிர்த்து உடல் தானே மூட்டிய பெருந்தீ என்று அதைச் சொல்லலாம். அந்தத் தீ நீடித்தாலே மயிர்க்கால்கள் கருகிவிடும். கத்தியும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை. உரிய மாத்திரையை உரிய காலம்வரை கொடுத்திருந்தால், கீறாமலே அது வற்றிப்போயிருக்கும். கீறியவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னே சிகிச்சை முந்திக்கொண்டது என்பதே என் வருத்தம். குழந்தைகளின் சிரோரோகங்களைப் பற்றிய இந்த அத்தியாயம் முழுவதும், ஒரு வகையில், அந்த வருத்தத்தின் விரிவுரைதான்.

சில மாதங்களுக்கு முன், அதே சிநேகிதியின் சிகிச்சை அறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்க எனக்கு அநுமதி கிடைத்தது. ஐரோப்பியர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்புகளைத் துவைப்பதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்றும் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியின் சலவைத்துறையில் தொழில் செய்துவரும் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த பாட்டி ஒருவர், ஏழு வயதுப் பேத்தியைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். சிறுமியின் உச்சிக்குப் பின்புறம் உள்ளங்கை அளவுக்கு முடி உதிர்ந்திருந்தது.

“எங்க ஆளுங்க இதைப் புழுவெட்டும்பாங்க, டாக்டரம்மா. சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்ச்சுப் பார்த்தோம். கேக்கலை.”

“எண்ணெய் எப்ப வெச்சது, பாட்டி?”

“நேத்து ராத்திரிதான். டாக்டரைப் பாக்கப் போறப்ப பரட்டைத் தலையோடவா கூட்டியாறது?”

வைத்தியர் சிரித்துக்கொண்டார். பிறகு அவர் செய்த முதற் காரியம் எனக்கு வியப்பாயிருந்தது: முடி உதிர்ந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன், சிறுமியின் பிடரியைத் தொட்டார். காதுக்குப் பின்னும் பிடரியிலும் பட்டாணிபோல் நிணக்கட்டிகள் தட்டுப்பட்டன. குழந்தையின் தலையில் செதில் உதிர்ந்து, முடியும் ஒடிந்து, பிடரியில் நெறியும் கட்டியிருந்தால், வேறென்று நிரூபிக்கப்படும்வரையில் பூஞ்சை என்றே கருத வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் விதி. அதன் பின்னரே, விளக்கு பதித்த கைக்கடக்கமான உருப்பெருக்கியைத் தலைமேல் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். தோல்மட்டத்திலேயே ஒடிந்துபோன மயிர்களின் அடிக்கட்டைகள் கரும்புள்ளிகளாய்ச் சிதறியிருந்தன. இடையிடையே சில மயிர்கள் காற்புள்ளியைப்போல் வளைந்தும், சில திருகாணியைப்போல் முறுக்கியும் கிடந்தன.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் கொடுக்கலாம். பாட்டி சொன்ன புழுவெட்டு என்பது, வட்டமாக முடி கொட்டி, தோல் வழவழப்பாய், செதிலும் அரிப்பும் இன்றி இருக்கும் வேறொரு நோய். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் அதனை இந்திரலுப்தம் என்கிறது; அந்நூலே கேரளத்து வைத்திய மரபுக்கு ஆதாரமாகையால், மலையாள வைத்தியர்கள் நாவிலும் அச்சொல்லே வழங்குகிறது. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள், திசை தவறி, மயிரின் வேரையே பகைவனென்று எண்ணித் தாக்குவதால் வருவது அது. நாம் படர்தாமரை என்று அழகாகப் பெயரிட்ட பூஞ்சை நோய்க்கோ ஆங்கிலேயர் வளையப்புழு என்று பெயர் வைத்தார்கள். அதிலும் புழு இல்லை. இரண்டு பாஷைக்காரர்களும் இரண்டு வெவ்வேறு நோய்களில் இல்லாத புழுவைக் கண்டுபிடித்திருப்பது வேடிக்கைதான்; ஆயினும் பெயரில் நேர்ந்த குழப்பம் மருந்திலும் நேர்ந்துவிட்டால் அது வேடிக்கையாயிராது. ஏனெனில், புழுவெட்டுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பைப் படர்தாமரைக்குப் பூசினால், சிவப்பும் அரிப்பும் தணிந்து நோய் தீர்ந்ததுபோல் தோன்றும். உள்ளே பூஞ்சையோ காவலற்ற வீட்டில் திருடன்போல் சாவகாசமாகப் பெருகும். சந்தேகத்துக்கு ஸ்டீராய்டையும் பூஞ்சைக்கொல்லியையும் கலந்து விற்கும் களிம்புகள் நம் நாட்டில் செய்திருக்கும் தீங்கு கொஞ்சமன்று. 2018இல் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்த பின்னும், கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிறவர்கள் குறையவில்லை.

புழுவெட்டின் ஓரத்தில் உருப்பெருக்கியை வைத்தால் காண்பது வேறு காட்சி: அடி மெலிந்தும் நுனி தடித்தும் நிற்கும் குட்டை மயிர்கள், ஆச்சரியக்குறியைப்போலவே. குழந்தையின் சிரசில் இருப்பது காற்புள்ளியா, ஆச்சரியக்குறியா என்று பார்க்கத் தெரிந்தால் நோய் நிதானத்தில் பாதி முடிந்தது என்று என் சிநேகிதி தம் மாணவர்களுக்குச் சொல்வதுண்டாம். நகங்களில் ஊசியால் குத்தியதுபோன்ற குழிகள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். அவை புழுவெட்டின் பக்கம் சாட்சி சொல்லும். ஓரிரு வட்டங்களோடு நிற்கும் புழுவெட்டு, பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே மறைந்து முடி வளர்ந்துவிடுவதால், அந்த ஓராண்டில் எதைத் தேய்த்தார்களோ அதற்கே புகழ் போய்ச் சேருகிறது. சின்ன வெங்காயத்தின் கீர்த்திக்கு இது ஒரு காரணம். 2002இல் பாக்தாத் வைத்தியர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு வெங்காயச் சாற்றுக்கு நற்சான்று கொடுத்தது உண்மை. ஆனால் அதில் பங்குபெற்றவர் தொகை மிகச் சிறிது. தலை முழுவதும் கொட்டிவிடும் கடுமையான வகைக்கு, வெள்ளணுக்களின் உட்செய்தியை இடைமறிக்கும் மாத்திரைகள் இப்போது வந்திருக்கின்றன; ரிட்லசிட்டினிப் என்னும் அத்தகைய மருந்து 2023இல் அமெரிக்காவில் பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் அநுமதிக்கப்பட்டது.

சிறுமியிடம் திரும்புவோம். முடி உதிர்ந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து முந்தின இரவின் எண்ணெயைப் போக்கிவிட்டு, மழுங்கிய கத்தியால் செதிலைச் சுரண்டி, கரும்புள்ளிகளில் நான்கைந்தைச் சாமணத்தால் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டார்கள். அந்தக் காரம் தோலையும் மயிரையும் இளக்கித் தெளிவாக்கும். பூஞ்சையின் சுவரை அவ்வளவு எளிதில் கரைக்காது. அரை மணி நேரம் பொறுத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பஜார் ரோட்டுக் கிடங்குகளில் குறுமிளகு மூட்டைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு உவமை தோன்றவில்லை: மயிரின் தண்டு ஒரு சாக்குப்பை, அதற்குள் வாய்வரை திணித்த மிளகைப்போல் உருண்டை உருண்டையாய்ப் பூஞ்சையின் வித்துக்கள். இவ்வளவு பாரத்தை உள்ளே சுமக்கும் மயிர், தோலுக்கு வெளியே தலையெடுத்ததும் ஒடியாமல் என்ன செய்யும்? கரும்புள்ளிகளின் இரகசியம் அதுவே. மேலே பூசும் களிம்பு பயன்படாததன் காரணமும் அதுவே. சாக்கின் வெளிப்புறத்தைத் துடைத்தால் உள்ளிருக்கும் சரக்குக்கு என்ன ஆகும்? மருந்து இரத்தத்தின் வழியாக வேருக்குச் சென்று, புதிதாய் உருவாகும் மயிரோடு கலந்து வளர வேண்டும்.

புறஊதா ஒளி விளக்கை வைத்துப் பார்த்தால் போதாதா என்று வாசகர் கேட்கலாம். அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி ராபர்ட் வுட் 1903இல் அமைத்த அந்த விளக்கை, 1925இல் பிரெஞ்சு வைத்தியர் இருவர் இந்நோய்க்குப் பயன்படுத்தலாமென்று காட்டினர். பூனையிடமிருந்தும் நாயிடமிருந்தும் ஒட்டும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற இனம் இருட்டறையில் பச்சையாய் ஒளிரும். ஆனால் இந்தியக் குழந்தைகளின் தலையில் நெடுங்காலமாக அதிகம் காணப்பட்டுவரும் ட்ரைகோஃபைட்டான் வயலேசியம் ஒளிர்வதில்லை. ஆகவே, நம் ஊரில் விளக்கு ஒளி காட்டவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. இனத்தை உறுதிசெய்ய வளர்ப்பூடகத்தில் இட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைசியில் பெயருக்கேற்ப ஊதா நிறத்தில் அது படர்ந்து நிற்கும்.

பருவமடையாத குழந்தைகளையே இந்நோய் பெரும்பாலும் நாடுவதற்குக் காரணம், பருவத்தில் தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொண்டு சுரக்கும் கொழுப்பு அமிலங்கள் பூஞ்சைக்கு ஒவ்வாமையே என்பர். இதை அறியாத காலத்தும், தலைக்கு எண்ணெய் வைப்பதைக் கேரளம் ஒரு நித்திய கருமமாகவே வைத்திருந்தது. கொச்சியில் டச்சுத் தளபதி வான் ரீடு, சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனையும், ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்ற கொங்கணிப் பிராமணர் மூவரையும் துணைகொண்டு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக அச்சேற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில், நாம் கரிசலாங்கண்ணி என்றும் மலையாளத்தார் கய்யோன்னி என்றும் சொல்லும் கூந்தல் மூலிகைக்கும் இடம் உண்டு. எண்ணெயை நான் குறை சொல்லமாட்டேன். மயிரை உடையாமல் காப்பதில் தேங்காயெண்ணெய்க்கு நிகரில்லை. எனினும் பொடுகு, கைக்குழந்தையின் உச்சியில் மஞ்சளாய்ப் படியும் பொருக்கு ஆகியவற்றோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்னும் மற்றொரு பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலங்களே ஆகாரம். அத்தகைய தலையில் எண்ணெயை ஊறவிடுவது விருந்து வைப்பதாகும். பொருக்கை இளக்கும் அளவுக்குச் சற்று நேரம் தடவி, மென்மையாகக் கழுவி எடுத்துவிட வேண்டும்.

இனி, சிகிச்சை நோயைவிடக் கொடியதாய்ப் போன ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். பாரிஸ் நகரத்துச் செயிண்ட் லூயி மருத்துவமனையில் ரெய்மோன் சபூரோ என்பவர், தலைப்பூஞ்சை கண்ட பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தனியே வைத்து மயிர் பிடுங்கிவந்த நிலையை மாற்ற விரும்பி, 1904 முதல் எக்ஸ் கதிரைத் தலையில் பாய்ச்சினார். முடி முழுவதும் உதிரும். அதோடு பூஞ்சையும் போகும். மூன்று மாதத்தில் பிள்ளை வீடு திரும்பும். உலகெங்கும் இம்முறை பரவி, சுமார் இரண்டு இலட்சம் குழந்தைகள்வரை இக்கதிருக்கு ஆளாயினர் என்று ஒரு மதிப்பீடு கூறுகிறது. கதிருக்கு வசதியில்லாத இடங்களில் தாலியம் என்ற நஞ்சை முடி உதிர்வதற்கென்று வாய்வழி கொடுத்து, அளவு மீறிக் குழந்தைகள் இறந்ததும் உண்டு. இங்கே மட்டாஞ்சேரி ஜூ டவுனிலிருந்து யூதக் குடும்பங்கள் 1950களில் மூட்டை கட்டிக்கொண்டு போய்ச்சேர்ந்த இஸ்ரேல் நாட்டில், அதே காலத்தில், பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்கு இச்சிகிச்சை கூட்டங்கூட்டமாகச் செய்யப்பட்டது. அவர்களுள் சுமார் 11,000 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த பரூக் மோடான் குழுவினர், தலையிலும் கழுத்திலும் புற்றுநோய்க் கட்டிகள் அவர்களிடையே மிகுந்திருப்பதை 1974இல் வெளியிட்டனர். 1994இல் அந்நாடு அவர்களுக்கு நஷ்டஈடு வழங்கச் சட்டம் இயற்றியது. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோயை ஓட்டுவதற்காகக் கொடுத்த விலை அது.

அந்தக் கதிருக்கு முற்றுப்புள்ளி வைத்த மருந்தோ, வெகுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1939இலேயே பெனிசிலியம் வகைப் பூசணம் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோஃபல்வின், செடிகளைத் தாக்கும் பூஞ்சைக்கு மருந்தாகுமா என்ற அளவிலேயே ஆராயப்பட்டுவந்தது. 1958இல் கிளாஸ்கோ நகரத்து ஆராய்ச்சியாளர் ஜென்டில்ஸ் அதனைப் பூஞ்சை பற்றிய கினிப்பன்றிகளுக்கு உள்ளே கொடுத்துப் பார்த்தார். வேரிலிருந்து வளர்ந்த புதுமயிர் பூஞ்சையின்றி வந்தது. சாக்குக்குள் இருக்கும் சரக்குக்கு வழி கண்டாயிற்று. என் தலையில் கட்டி வந்தபோது அம்மாத்திரை மனிதர்களுக்கு வழங்கத் தொடங்கிப் பத்தாண்டு கடந்திருந்தது என்பதை எண்ணும்போது மட்டும், முன்னே இல்லையென்று சொன்ன வருத்தம் சற்றே எட்டிப்பார்க்கிறது.

சிறுமிக்கு அந்த மாத்திரையே எழுதப்பட்டது. எடைக்கு ஏற்ற அளவு, ஆறு முதல் எட்டு வாரம். கொழுப்போடு சேர்ந்தால்தான் குடல் அதை நன்கு உறிஞ்சுமாகையால், பாலோடோ சாப்பாட்டுக்குப் பின்னோ தர வேண்டும். டெர்பினஃபின் என்ற பிற்காலத்து மருந்து இவ்வினப் பூஞ்சைக்கு நான்கு வாரத்தில் வேலை செய்வதால் அதைத் தெரிந்தெடுக்கும் வைத்தியரும் உண்டு. கூடவே கீட்டோகொனசோல் ஷாம்பூ. அது நோயைத் தீர்ப்பதற்கன்று, வித்துக்கள் மற்றவர்மேல் உதிராமலிருப்பதற்கு. சிகிச்சை தொடங்கிவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டியதில்லை, மொட்டையடிக்கவும் வேண்டியதில்லை. மருந்து தொடங்கிய சில நாளில் காதோரத்திலும் உடம்பிலும் சிறு சிறு கொப்புளங்கள் அரிப்போடு தோன்றக்கூடும். பூஞ்சைக்கு எதிரான உடலின் ஆரவாரம் அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையென்று பலர் நிறுத்திவிடுவது அங்கேதான். உண்மையில் ஒவ்வாமையா என்பதை வைத்தியரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு தொடர்வதே முறை.

பேன் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததாகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழிலும் மலையாளத்திலும் பேன், ஈர் என்ற பெயர்களே பெரிதும் மாறாமல் நிற்பதிலிருந்து, இரு மொழிகளும் பிரிவதற்கு முன்பே இந்த உறவு ஏற்பட்டுவிட்டது என்று ஊகிக்கலாம். ஈரைக் கண்டதும் மருந்து தேய்க்கிறார்கள். உயிருள்ள பேனைக் கண்டாலே மருந்து தேவை. ஈர் தோலை ஒட்டியே மயிரில் பசையிட்டு வைக்கப்படுகிறது. ஏழு முதல் பத்து நாளில் பொரிந்துவிடுகிறது. மயிரோ மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் தெரியும் ஈர் அநேகமாக வெறுங்கூடு என்பது விளங்கும். பெர்மெத்ரின் மருந்தைப் பத்து நிமிஷம் வைத்துக் கழுவி, ஈர் பொரியும் கணக்குப்படி ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே மீண்டும் ஒருமுறை செய்து, நடுவே பேன் சீப்பால் வாரி வந்தால் போதும். மண்ணெண்ணெய் தேய்க்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தீப்பிடித்துக் குழந்தை கருகிப்போக வழி செய்யும் அந்த வைத்தியத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும்.

டெங்கு, டைஃபாய்டு முதலிய காய்ச்சல் விட்ட இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி உதிர்வதும், கைக்குழந்தையின் பின்மண்டை வழுக்கையாவதும் தாமே சரியாகிவிடுவன. நெற்றியோரம் மட்டும் முடி பின்வாங்கும் பெண்குழந்தைக்கு மருந்து வேண்டாம்; இறுக்கிப் பின்னும் தாயின் கை தளர்ந்தால் போதும். ஒழுங்கற்ற வடிவில், நீளமும் குட்டையுமாய் மயிர் ஒடிந்த தலையைக் கண்டால், குழந்தை தன்னையறியாமல் தானே பிடுங்கிக்கொள்கிறதா என்று அன்போடு விசாரிக்க வேண்டும். அதட்டினால் வழக்கம் வலுக்கும்.

ஆறு வாரம் கழித்துப் பாட்டி மறுபடி வந்தபோது, இம்முறை எண்ணெயின்றி வந்திருந்த சிறுமியின் தலையில், கரும்புள்ளிகள் இருந்த இடத்தில் மெல்லிய முடி பரவியிருந்தது. இடுப்பில் அவளுடைய நான்கு வயதுத் தம்பி. அவன் தலையில் ஒரு வட்டமும் இல்லை. ஆயினும் அவனிடம் சுரண்டி எடுத்த செதிலில் பூஞ்சை இருந்தது. ஒரே சீப்பு, ஒரே தலையணை. ஆகையால் இதைப் படிக்கும் தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள்: குழந்தையின் தலையில் செதிலோ வட்டமோ கட்டியோ கண்டால், எண்ணெயும் களிம்பும் தடவாமல், கீறவும் விடாமல், அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள், போகும்போது வீட்டிலிருக்கும் மற்றக் குழந்தைகளையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.